பெட்டி கட்டும் தம்பிகளுக்கு
வளைகுடாவிலிருந்து விடுப்பில் ஊர் திரும்புகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கு,

அறந்தாங்கிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து உங்கள் அக்கா எழுதுகிறேன். ஷார்ஜாவிலோ தம்மாமிலோ தோஹாவிலோ, உங்கள் ரூமில் கட்டிலுக்கு அடியில் இந்நேரம் ஓர் அட்டைப்பெட்டி பாதி நிறைந்து கிடக்கும். லீவு கையெழுத்தாகிவிட்டது, டிக்கெட்டும் போட்டாயிற்று. வார விடுமுறைதோறும் கடைப்பக்கம் போய் ஏதாவது வாங்கி வந்து அந்தப் பெட்டிக்குள் போடுகிறீர்கள். அதை ஒட்டி டேப் சுற்றுவதற்கு முன் இந்த மடல் உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் 2003-ல் ஷார்ஜா போனார். 2022-ல் முடித்துக்கொண்டு வந்தார். நடுவில் ஒன்பது முறை விடுப்பு. ஒன்பது முறையும் அவர் கட்டிக்கொண்டு வந்ததை அவிழ்த்தவள் நான். திரும்பப் போகையில் கட்டிக் கொடுத்தவளும் நான்தான். பெட்டி கட்டுவதைப் பற்றி எப்போதும் கட்டுகிறவர்கள்தான் பேசுகிறார்கள். உடைந்து வந்தது எது, ஒழுகி வந்தது எது, பத்து வருஷமாகப் பிரிக்காமலே அலமாரியில் கிடப்பது எது என்பதெல்லாம் அவிழ்க்கிறவளுக்குத்தான் தெரியும்.

2009-ல் நடந்ததைச் சொல்கிறேன். அவருக்கு 45 நாள் விடுப்பு. எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அப்பாவை இரண்டு வயதில் பார்த்தவள். அவளுக்கு ஸ்கூல் பேக்கும் ஒரு பொம்மையும் வாங்க வேண்டும் என்று அவர் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். பார்த்துப் பார்த்து, எல்லாவற்றுக்கும் கடைசியாக, கிளம்புவதற்கு முதல் நாள் வாங்கினார். கடைசியாக வாங்கியது பெட்டியில் மேலே இருக்கும், இல்லையா? கவுண்டரில் எடை வைத்தார்கள். அனுமதித்தது 30 கிலோ. அவரிடம் இருந்தது 38. கூடுதல் எடைக்குப் பணம் கட்டக் கையில் காசு இல்லை. வரிசை பின்னால் நீண்டுகொண்டே போக, தரையில் உட்கார்ந்து பெட்டியின் டேப்பைக் கிழித்து, மேலே இருந்த எட்டுக் கிலோவை அள்ளி, வழியனுப்ப வந்த ரூம்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார். பால்பவுடர் டின்னும் போர்வையும் சித்தப்பாவுக்கான டார்ச்சும் ஊர் வந்து சேர்ந்தன. ஸ்கூல் பேக்கும் பொம்மையும் ஷார்ஜாவிலேயே நின்றுவிட்டன.

இன்னொன்றும் நடந்தது. அவரை அழைத்து வரத் திருச்சி விமான நிலையத்துக்கு வண்டி பிடித்தபோதே, பெட்டி ஏற்ற இடம் வேண்டுமென்று பின் சீட்டை மடக்கிவிட்டார்கள். மகளுக்கு அதில் இடமில்லை. அழுதுகொண்டே அவள் என் மாமியாரோடு வீட்டில் நின்றாள்.

இது யார் குற்றமும் இல்லை. எடை தெரியாததால் வந்தது. அதனால்தான் முதலில் எடையைப் பேசுகிறேன்.

கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றை ரூமுக்குப் பொதுவாக வாங்கி வையுங்கள். அது 50 கிலோ வரை காட்டும். எட்டுப் பேர் இருக்கும் ரூமில் ஆளுக்கு ஒரு டீக்காசுதான் ஆகும். அது இல்லையென்றால், நின்று பார்க்கும் எடை இயந்திரத்தில் முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், முதல் எடையைக் கழியுங்கள். எல்லாம் கட்டி முடித்த இரவில் மட்டும் எடை பார்த்துப் பயனில்லை. பெட்டி காலியாக இருக்கும்போதே பாருங்கள். பெரிய டிராலி பேக் காலியாகவே நாலு, ஐந்து கிலோ வரும். நல்ல அட்டைப்பெட்டி ஒன்றரைக் கிலோகூட வராது. அந்த மூன்று கிலோ வித்தியாசம் தெரிந்துதான் நம் ஆட்கள் அட்டைப்பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பார்க்க அழகில்லை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

டிக்கெட்டை ஒருமுறை நன்றாகப் படியுங்கள். மொத்தம் இத்தனை கிலோ என்று போட்டிருக்கிறதா, இத்தனை பெட்டி, ஒவ்வொன்றும் இத்தனை கிலோ என்று போட்டிருக்கிறதா? இரண்டும் வேறு வேறு கணக்கு. இரண்டு பெட்டி, தலா 23 கிலோ என்று இருந்தால், ஒன்றை 28 ஆகவும் மற்றதை 18 ஆகவும் கட்டினால் மொத்தம் சரியாக இருந்தும் பணம் கேட்பார்கள். எந்தக் கணக்காக இருந்தாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. விமானத்தில் சுமை ஏற்றுகிற தொழிலாளியின் முதுகெலும்பை நினைத்து வைத்த அளவு அது. சுமை தூக்குவது என்னவென்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 30 கிலோ அனுமதி என்றால் 29-ல் நிறுத்திக்கொள்ளுங்கள். ரூம் தராசும் கவுண்டர் தராசும் ஒன்றுபோலக் காட்டும் என்று நம்பக் கூடாது.

அடுத்து, உள்ளே என்ன போகிறது என்பது. வெறுங்கையோடு வாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு வருஷம் வெயிலில் நின்ற மனிதன் நாலு பேருக்குக் கொடுக்க ஆசைப்படுவது அற்பமான ஆசை இல்லை. என் மாமனார் காலத்தில் நேஷனல் பானாசோனிக் டேப் ரெக்கார்டரும் கம்பளிப் போர்வையும் அங்கிருந்து வந்தால்தான் உண்டு. அன்றைக்கு அவர்கள் சுமந்தது நியாயம். இன்றைக்கு அந்தப் போர்வை புதுக்கோட்டைக் கடைத்தெருவிலேயே தொங்குகிறது. ஒரு பெரிய கொரியன் போர்வை ஐந்து, ஆறு கிலோ இருக்கும். 30 கிலோவில் ஐந்தில் ஒரு பங்கு! காற்றை உறிஞ்சும் பையில் போட்டால் பருமன்தான் குறையும், எடை ஒரு கிராம்கூடக் குறையாது. எங்கள் ஊர் வெயிலில் அதைப் போர்த்திக்கொள்ள வருஷத்தில் பத்து இரவு கிடைத்தால் அதிகம். எங்கள் வீட்டு மச்சில் அப்படி மூன்று போர்வைகள் பூச்சி உருண்டையோடு கிடக்கின்றன. பெரிய டிவியும் அப்படித்தான். 2013 ஆகஸ்டிலேயே அதற்கான சுங்கச் சலுகையை எடுத்துவிட்டார்கள். வரியும் கட்டி, திரை உடையாமல் வருமா என்று வழியெல்லாம் பயந்துகொண்டு வருவதற்குப் பதில் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

டின்னில் வருகிற எதையும் பையில் வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். பால்பவுடருக்கும் பழப்பொடிக்கும் பை உண்டு. தகரத்தின் எடை மிச்சம், இடுக்கில் செருகவும் வசதி. ஆனால் டின்னை உடைத்து நீங்களாகவே சாதாரண பிளாஸ்டிக் பையில் கொட்டிக் கட்டாதீர்கள். பெயரில்லாத வெள்ளைப் பொடிக்கு ஸ்கேனரில் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டி வரும்.

இனி நான் சொல்லப் போவதை என் வீட்டுக்காரரைத் தவிர வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. ஆறாவது விடுப்பில் நான் சொல்லி அவர் செய்தார். நீங்கள் எல்லோரும் சாமான் வாரியாகக் கட்டுகிறீர்கள். சோப்பெல்லாம் ஒரு பக்கம், சாக்லேட்டெல்லாம் ஒரு பக்கம், தைலமெல்லாம் ஒரு பக்கம். அடுக்க அது சுலபம். ஆனால் இங்கே வந்து பெட்டியைத் திறந்ததும் என்ன ஆகிறது தெரியுமா? எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி, பெரிய நாத்தனாருக்கு எது, சின்ன நாத்தனாருக்கு எது என்று பங்கு பிரிக்கிறோம். சுற்றிலும் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்திக்கு மூன்று சோப்பு, இன்னொருத்திக்கு இரண்டு என்று போனால் அந்தக் கணக்கு அடுத்த கல்யாணம் வரை ஓடும். மூன்று நாள் வீடு வீடாக நடை. 2009-ல் அப்படி நாலு நாள் போயிற்று. திரும்பப் போவதற்குச் சாமான் சேர்த்துக் கட்டியதில் கடைசி ஆறு நாள் போயிற்று. 45 நாளில் பத்து நாளைப் பெட்டி தின்றது. அமீரகத்தில் வருஷத்துக்கு 30 நாள் விடுப்பு என்று சட்டம் சொல்கிறது. சவூதியில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஐந்து வருஷம் வரை ஆண்டுக்கு 21 நாள்தான். அந்த 21-ல் பத்து போனால் என்ன மிஞ்சும்?

ஆகவே வீடு வாரியாகக் கட்டுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பை. அந்த வீட்டுக்கான சோப்பு, தைலம், பேரீச்சை, பிள்ளைகளுக்கான மிட்டாய் எல்லாம் அந்த ஒரே பைக்குள். வெளியே பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். யார் யாருக்கு என்பதை அங்கேயே, ரூமில் தனியாக உட்கார்ந்து, போனில் வீட்டில் கேட்டு முடிவு செய்யுங்கள். இங்கே வந்து பெட்டியைத் திறந்தால் பன்னிரண்டு பை வெளியே வரும், அவ்வளவுதான். யார் பையில் என்ன இருக்கிறது என்று இன்னொருவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அந்த முறை ஒரே மாலையில் வேலை முடிந்தது. அடுத்த நாள் காலை அவர் மகளைச் சைக்கிளில் உட்கார வைத்து ஆவுடையார்கோயில் வரை கூட்டிப் போய் வந்தார்.

கட்டும்போது பை நெகிழ்ந்து கொடுக்கும் என்பதால் மூலைமுடுக்கும் நிரம்பும். கனமான பைகள் அடியில். டிராலி பேக் என்றால் சக்கரத்துப் பக்கம் கனம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறுத்தும்போதெல்லாம் கவிழும். சென்ட் பாட்டிலை ஓரத்தில் வைக்காதீர்கள். காலுறைக்குள் நுழைத்து, லுங்கியில் சுருட்டி, எல்லாப் பக்கமும் துணி இருக்கும்படி நடுவில் வையுங்கள். ஷாம்பு, எண்ணெய் பாட்டிலின் மூடியைக் கழற்றி, வாயில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து, அதன்மேல் மூடியைத் திருகுங்கள். சோப்பையும் சாக்லேட்டையும் ஒரே உறைக்குள் கட்டாதீர்கள். ஒரு வீட்டுப் பைக்குள்ளேயே இரண்டையும் தனித்தனியாக இறுக்கிக் கட்டுங்கள். சோப்பு வாசம் ஏறிய சாக்லேட்டை எங்கள் தெருப் பிள்ளைகள் ஒரு வருஷம் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றார்கள். தைலத்துக்குப் பக்கத்தில் வைத்த பேரீச்சையின் கதியும் அதேதான். மே, ஜூனில் வருகிறவர்கள் சாக்லேட்டைப் பெட்டியின் நடுவில் துணிக்குள் பொதிந்து வையுங்கள். ஓடுதளத்து வெயிலில் பெட்டிகள் காத்துக் கிடக்கும்போது ஓரத்தில் இருப்பதுதான் முதலில் உருகும்.

உங்கள் சொந்தத் துணி மிகக் குறைவாகப் போதும். இங்கே அலமாரியில் உங்கள் லுங்கிகள் மடித்தபடி இருக்கின்றன. நாங்கள் யாருக்கும் கொடுத்துவிடவில்லை. வெளியே போட இரண்டு பேண்ட், நாலு சட்டை. பனியன், டி-ஷர்ட் வகையறாவைச் சுருட்டுங்கள். ஜீன்ஸை மட்டும் விரித்து அடியில் போடுங்கள். சுருட்டினால் அது தடித்து இடத்தை அடைக்கும்.

அட்டைப்பெட்டி ஐந்து அடுக்கு அட்டையாக இருக்கட்டும். அடியின் நடு இணைப்பையும் இரண்டு ஓரங்களையும் டேப் போட்டு மூடுங்கள். நடுவில் மட்டும் ஒட்டினால் அடி பிளந்துகொள்ளும். கயிற்றை நம்பிக் குறுக்கும் நெடுக்கும் கட்டிய காலம் போய்விட்டது. அது கன்வேயரில் சிக்குகிறது. துபாய் விமான நிலையத்தில் 2017 மார்ச்சிலிருந்து, தட்டையான பக்கம் ஒன்றுகூட இல்லாத உருண்டை மூட்டைகளை ஏற்பதில்லை. போர்வையில் சுற்றிக் கட்டிக்கொண்டு போனால் அங்கேயே பெட்டி வாங்கி மாற்றிக் கட்டச் சொல்வார்கள். பெட்டியில் பழைய பயணத்து ஸ்டிக்கர் எதுவும் ஒட்டியிருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். இயந்திரம் பழைய பார்கோடைப் படித்துப் பெட்டியை வேறு ஊருக்கு அனுப்பிவிடக்கூடும். பெயரும் ஊர் போன் நம்பரும் இரண்டு பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். அதையே ஒரு தாளில் எழுதி உள்ளேயும் போடுங்கள். மேல் தாள் கிழிந்தாலும் உள்தாள் பேசும். பெட்டியை ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

கைப்பையைப் பெட்டிக்குக் கொள்ளாத மிச்சத்தைத் திணிக்கும் இடமாக நினைக்காதீர்கள். பெரும்பாலும் ஏழு கிலோ. அதில் பாஸ்போர்ட், அங்கத்து அடையாள அட்டை, தினம் சாப்பிடும் மாத்திரை, நகை வாங்கியிருந்தால் அதுவும் அதன் பில்லும், ஒரு செட் துணி, ஒரு லுங்கி. அதோடு பிள்ளைகளுக்கு வாங்கியது எதுவோ அதில் முக்கியமான ஒன்று. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். பெட்டி வராமல் போகலாம். ஒரு முறை அவர் வந்தார், பெட்டி இரண்டு நாள் கழித்து வந்தது. அந்த முறை அவர் கைப்பையில் மகளுக்கான கலர் பென்சில் டப்பா இருந்தது. மற்றதெல்லாம் எங்கே என்று அவள் கேட்கவே இல்லை.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போடவே கூடாது. அந்த பேட்டரி சூடேறித் தீப்பிடித்தால் ஆள் இருக்கும் இடத்தில் அணைக்கலாம், சரக்கு அறையில் முடியாது. 100 வாட்-மணி வரை தடையில்லை. கடையில் விற்கும் 20,000 எம்.ஏ.எச். என்பது ஏறக்குறைய 74 வாட்-மணி. சென்ட், கிரீம் கைப்பையில் இருந்தால் ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள்.

யாராவது ஒட்டி மூடிய பார்சலைக் கொடுத்து, "ஊரில் தம்பி வந்து வாங்கிக்குவான்" என்றால், பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். உங்கள் பெயரில் ஏறும் பெட்டிக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதே ஜாக்கிரதை திரும்பும் வழியில் இன்னும் அதிகம் வேண்டும். இதை உங்கள் அம்மாவுக்கும் மனைவிக்கும் படித்துக் காட்டுங்கள். குருமாப் பொடி, கறிமசால் பொடி அரைத்துக் கொடுக்கும்போது அதில் கசகசா சேர்க்கக் கூடாது. நமக்கு அது சமையல் சாமான். அமீரகத்திலும் சவூதியிலும் அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. அறியாமல் ஒரு பொட்டலம் கொண்டுபோய்க் கம்பி எண்ணியவர்கள் உண்டு. பிள்ளைக்கு ருசியாக இருக்கட்டும் என்று ஒரு தாய் அள்ளிப் போட்ட கசகசா அவனைச் சிறையில் வைக்கும் என்றால், அதைச் சொல்லாமல் நான் எப்படி இருக்க முடியும்? மாத்திரையும் அப்படியே. டிரமடால், கோடீன் கலந்த வலி மாத்திரைகளுக்கும் இருமல் மருந்துகளுக்கும் அங்கே கடும் கட்டுப்பாடு. டாக்டர் சீட்டு இல்லாமல் எந்த மாத்திரையும் வேண்டாம். கொப்பரைத் தேங்காயை 2022-லிருந்து இந்திய விமான நிலையங்களில் பெட்டியில் போட விடுவதில்லை. அதில் எண்ணெய் அதிகம், சூட்டில் எளிதாகப் பற்றும்.

ஊறுகாயை எண்ணெய் மேலே நிற்காமல் வடித்து, வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, இரண்டு பையில் கட்டி, நிமிர்ந்து நிற்கும்படி வைக்கிறேன். கருவாட்டை நன்றாகக் காயவைத்துத் தாளில் சுற்றி, அதன்மேல் பை, அதன்மேல் இறுக மூடும் டப்பா. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேட்டி சட்டையெல்லாம் மணக்கும். முறுக்கு கொடுப்பதை நான் விட்டுவிட்டேன். எத்தனை தாள் வைத்தாலும் ஷார்ஜாவில் தூளாகத்தான் இறங்கியது. சீடை உருண்டை என்பதால் உடையாது, ரூமில் எட்டுப் பேருக்கு எண்ணிக் கொடுக்கவும் வரும். பொடி வகையை முதல் வாரத்திலேயே அரைத்து வைத்துவிட்டால் கடைசி ஆறு நாளும் வீட்டில் மிக்சி சத்தமாக இருக்காது. கடைசி நாட்களில் நாம் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

எங்கள் தெருவிலிருந்து போனவர்களில் ஏழு பேர் இந்த வைகாசியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். திருச்சியில் 2024-ல் புது முனையம் திறந்துவிட்டார்கள். பழைய இடத்தில் நெருக்கியடித்து நின்றதுபோல இப்போது இல்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்க இடம் இருக்கிறது. உங்களை அழைத்து வர இங்கே வேன் பேசும்போது, "பின் சீட்டை மடக்கணுமாம்மா?" என்று டிரைவர் கேட்பார். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் உங்கள் பெட்டி எத்தனை, எவ்வளவு பெரிது என்று போனில் சொல்லிவிடுங்கள். ஒரு பெட்டி என்றால் சீட்டை மடக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். அதில் பிள்ளைகளை உட்கார வைத்துக் கூட்டி வருகிறோம்.

அன்புடன்,
உங்கள் அக்கா